ஆறு சென்டிமீட்டருக்குள் ஒரு தீர்ப்பு

இலங்கையின் உடப்புசல்லாவைத் தேயிலைக்கு ஆண்டில் இரண்டு நல்ல காலம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வந்துசேரும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஒன்று. பனியும் குளிரும் கூடிய முதற்காலாண்டில் இன்னொன்று. நுவரெலியாவுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 950 முதல் 1,600 மீட்டர் உயரத்தில், ராகலை, ஹல்கரனோயா என்று போகிற வழியெல்லாம் தோட்டங்கள். எந்தக் காலத்துக் கொழுந்தானாலும் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் வந்து காய்ந்தபின் ஒரு தொல்லை மட்டும் மாறாது: குச்சியும் நாரும். கறுத்துச் சுருண்ட தூளுக்கிடையே செம்பழுப்பு நிறத்தில் அவை துருத்திக்கொண்டு நிற்கும். 1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்துக்கு மாதிரி போகும்போது தரகர் கண்ணில் முதலில் படுவதும் அவைதான்.

இரண்டு இலையும் மொட்டுமாகப் பறித்தால் நார் குறைவு. ஆனால் பறிக்க ஆள் போதாதபோது கொழுந்துச் சுற்று ஏழு நாளில் முடியாது. பத்து, பன்னிரண்டு என்று இழுபடும், கொழுந்து முற்றும். 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நாட்சம்பளம் உயர்த்தப்பட்ட பிறகும் லயம் எனப்படும் வரிசைவீடுகளின் பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவது நின்றபாடில்லை. மலையில் ஆள் குறையக் குறைய ஸ்டோருக்குள் நார் கூடுகிறது. படங்களை வேகமாக ஆராயும் மின்னணுச் சில்லுகள் மலைநாட்டுக்குள் வந்த வழி இதுதான். அதனால்தான், மாற்றியமைக்கத்தக்க சில்லுகளால் படச்செயலாக்கத்தை விரைவுபடுத்துவது என்ற பெரிய கேள்வியை, ஆய்வேடுகளின் மேசையை விட்டுத் தேயிலை சலிக்கும் அறையில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகப் படுகிறது.

முன்பு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நார் பொறுக்கினார்கள். பிறகு நிலைமின் உருளைகள் வந்தன. கம்பளித் துணியில் உரசிச் சுழலும் பி.வி.சி. உருளை மின்னேற்றம் பெற்று, இலேசான நாரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இன்றும் பல ஸ்டோர்களில் அவை சுழல்கின்றன. ஆனால் நாரைப் பிடிக்கும் அந்த உருளை, இலையோடு ஒத்த எடையுள்ள குச்சியை விட்டுவிடும். எடையைப் பார்க்காமல் நிறத்தைப் பார்க்கும் இயந்திரம் அந்த இடத்தில்தான் தேவைப்பட்டது. அதற்குத் தோட்டத்தில் கலர் சோட்டர் என்று பெயர். அரிசிக்கும் பருப்புக்கும் பிறந்த இயந்திரம்தான். 1947இல் இலண்டனில் தொடங்கிய சோர்ட்டெக்ஸ், ஜப்பானியர், பிறகு சீனாவின் ஹெஃபெய் நகரத்து உற்பத்தியாளர் என்று பலர் கைபட்டு வளர்ந்தது.

இயந்திரத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மேலே அதிர் தட்டு தூளை ஒரே படலமாகப் பரப்புகிறது. அது சரிவுத் தகட்டில் வழுக்கி விழுகிறது. அடியில் வரும்போது வேகம் வினாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தகட்டின் விளிம்பைத் தாண்டியதும், எல்.இ.டி. வெளிச்சத்தில், வரிக் கேமரா அதைப் பார்க்கிறது. முழுப்படம் எடுக்காமல் ஒரே ஒரு வரியாக, மறுபடி மறுபடி பார்க்கும் கேமரா அது. அங்கிருந்து சுமார் ஆறு சென்டிமீட்டர் கீழே வரிசையாகக் காற்று நாசில்கள். குச்சி என்று தீர்ந்தால் அந்த நேரத்தில், அந்த இடத்தில் மட்டும் ஒரு வால்வு திறந்து மூடி, அழுத்தக் காற்றால் அதை வேறு பள்ளத்தில் தள்ள வேண்டும். ஆறு சென்டிமீட்டரை மூன்று மீட்டர் வேகத்தில் கடக்க 20 மில்லிவினாடி. பார்ப்பது, தீர்ப்பது, வால்வைத் திறப்பது எல்லாம் அதற்குள்.

கணக்கை இன்னும் கொஞ்சம் விரிப்போம். ஒரு புள்ளிக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் 2,048 புள்ளி என்றால் 41 சென்டிமீட்டர் அகலத் தகட்டை ஒரு கேமரா பார்த்துவிடும். நீளவாக்கிலும் அதே நுணுக்கம் வேண்டுமானால் வினாடிக்கு 15,000 வரிகள். ஒரு வரிக்குக் கிடைப்பது சுமார் 66 மைக்ரோவினாடி. ஆக வினாடிக்கு மூன்று கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்தால் ஒன்பது கோடி எண்கள். பெரும்பாலான கட்டுரைகள் இவ்விடத்தில், இது சாதாரணக் கணினியால் ஆகாது என்று முடித்துவிடும். அது சரியல்ல. இன்றைய நாற்கருக் கணினிக்கு வினாடிக்கு ஒன்பது கோடி எண் பெரிய சுமையே அல்ல.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கணினி எப்போது முடிக்கும் என்று அதற்கே தெரியாது. இயங்குதளம் நடுவில் வேறு வேலைக்குப் போய்வரும். சில மில்லிவினாடி பிந்தினால் திரையைப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. தேயிலைக்கு அது தெரியும். ஐந்து மில்லிவினாடி பிந்துவதற்குள் குச்சி 15 மில்லிமீட்டர் இறங்கிப் போய்விடும்; காற்று அடிப்பது அதன் பின்னால் வந்த நல்ல தூளில். எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் மாற்றியமைக்கத்தக்க சில்லில் இந்தத் தடுமாற்றம் இல்லை. நூறு மெகாஹெர்ட்சில் ஓடும் சில்லுக்கு ஒரு துடிப்பு பத்து நானோவினாடி. ஒரு வேலை எத்தனை துடிப்பு எடுக்கும் என்பது வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும், காலையிலும் இரவிலும் அது மாறாது. துடிப்புக்கு ஒரு புள்ளி என்றால் 2,048 புள்ளியும் 20 மைக்ரோவினாடியில் தீர்ந்துவிடும். உண்மையில் சில்லு சீக்கிரமே தீர்ப்புச் சொல்லிவிட்டு, குச்சி நாசிலுக்கு நேரே வரும்வரை எண்ணிக்கொண்டு சும்மா நிற்கிறது. வேகத்துக்காக எஃப்.பி.ஜி.ஏ. என்று சொல்வதைவிட, நேரம் தவறாமைக்காக என்று சொல்வதே பொருந்தும். இந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மறக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்தச் சில்லில் இருப்பது என்ன? ஆயிரக்கணக்கான சிறு விடை அட்டவணைகள், அவற்றை இணைக்கும் கம்பிகள், சிறு நினைவகங்கள், பெருக்கிகள். ஆறு உள்ளீடு கொண்ட அட்டவணையில் 64 விடைகள் எழுதலாம். எந்த விடையை எழுதுகிறோமோ அந்தச் சுற்றாக அது மாறும். நிலையான பகுதியோடு மாறும் பகுதியையும் சேர்த்த கணினி என்ற எண்ணத்தை 1960இலேயே கலிபோர்னியாவில் ஜெரால்ட் எஸ்ட்ரின் முன்வைத்தார். அது கைக்கு வர கால் நூற்றாண்டு ஆயிற்று. 1984இல் தொடங்கிய சைலிங்க்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே எக்ஸ்.சி.2064 என்ற சில்லை வெளியிட்டது. அதில் இருந்தவை 64 தருக்கக் கட்டங்கள் மட்டுமே. 1990களின் முற்பாதியில் அமெரிக்காவின் ஸ்பிளாஷ் 2 என்ற எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் வெர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் நேரலைப் படங்களை வடிகட்டிக் காட்டினார்கள். பாரிசில் டிஜிட்டல் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வகமும் அதே திசையில் போனது. நினைவகமும் பெருக்கிகளும் சில்லுக்குள்ளேயே வந்தபின்தான் படவேலை உண்மையில் இலகுவானது. 

துடிப்பு வேகத்தில் இந்தச் சில்லு சாதாரணக் கணினியைவிட இருபது, முப்பது மடங்கு மந்தம். பிறகு எப்படி ஈடுகொடுக்கிறது? ஸ்டோரில் வாட்டல், அரைத்தல், நொதித்தல், காயவைத்தல், சலித்தல் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன; ஒரே ஆள் ஒரு கொழுந்தை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து பொதி கட்டும் இடம்வரை நடப்பதில்லை. சில்லிலும் அப்படியே: ஒரு புள்ளி நிறம் பார்க்கப்படும்போது அதற்கு முந்தியது வடிகட்டப்படுகிறது, அதற்கும் முந்தியது எண்ணப்படுகிறது.

எல்லாப் படவேலையும் இந்த ஓட்டத்துக்கு இடம் கொடுக்காது. புள்ளி தனித்தனியே பார்க்கப்படும் வேலைகள், நிற வகைப்பாடு போன்றவை, எஃப்.பி.ஜி.ஏ.வுக்கென்றே பிறந்தவை. நிறம் ஒவ்வொன்றையும் ஐந்து பிட்டாகச் சுருக்கினால் மொத்தம் 32,768 நிறங்கள்; ஒவ்வொன்றுக்கும் 'இலை' அல்லது 'குச்சி' என்று ஒரு பிட் எழுதி வைத்தால், சைலிங்க்ஸ் ஏழாம் வரிசைச் சில்லின் ஒரே ஒரு நினைவகக் கட்டத்துக்குள் அட்டவணை முழுவதும் அடங்கும். அண்டைப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும் வேலைகளுக்கு, மூன்றுக்கு மூன்று சதுர வடிகட்டி போன்றவற்றுக்கு, கடந்துபோன இரண்டு வரிகளை நினைவில் வைக்க வேண்டும். எட்டு பிட் புள்ளியானால் 32,768 பிட். ஆனால் முதலில் நிறத்தைத் தீர்த்துவிட்டு, கறுப்பு வெள்ளையான விடையை மட்டும் வடிகட்டினால் 4,096 பிட் போதும். வரிசையை மாற்றினாலே செலவு எட்டில் ஒன்றாகிவிடும். இவ்வகைச் சிறு யோசனைகளில்தான் இந்தத் துறையின் சாமர்த்தியம் முழுக்க இருக்கிறது.

ஒட்டியிருக்கும் புள்ளிகளைச் சேர்த்து 'இது ஒரே துண்டு' என்று பெயரிடுவது கடினமான வேலை. ரோசன்ஃபெல்டும் ஃபால்ட்ஸும் 1966இல் தந்த முறை படத்தை இரண்டு முறை வலம்வரும். விழுந்துகொண்டிருக்கும் தேயிலைக்கு இரண்டாம் முறை என்பதே கிடையாது. நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பெய்லியும் ஜோன்ஸ்டனும் 2007இல் ஒரே ஓட்டத்தில் துண்டுகளின் அளவை எண்ணிமுடிக்கும் முறையைக் கொடுத்தார்கள். பெய்லி 2011இல் எழுதிய பாடநூல் இன்றும் இந்தத் துறைக்குள் நுழைவோருக்கு நல்ல வாசல். நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பது நார், தடித்தது குச்சி, உருண்டது இலை என்று வடிவம் பார்த்துப் பிரிக்க இப்படியொரு கணக்கு அவசியம். படத்தைச் சாய்த்து விரித்துச் சரிசெய்வது, நினைவகத்தில் அங்குமிங்கும் தாவுவது, முடிவு வரும்வரை திரும்பத்திரும்பச் செய்வது ஆகியவற்றில் சில்லின் மேன்மை கரைந்துபோகிறது.

இனி 'எத்தனை மடங்கு' என்ற சந்தை இரைச்சல். ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று முழங்கும் கட்டுரைகளில் பல, நன்றாகச் செதுக்கிய எஃப்.பி.ஜி.ஏ. வடிவத்தை அவசரமாக எழுதிய மட்லாப் நிரலோடு மோத விடுகின்றன. அது போட்டியே அல்ல. 2009இல் அசானோ, மருயாமா, யமகுச்சி ஆகிய மூவரும் செய்த ஒப்பீடு நேர்மையானது. இருபரிமாண வடிகட்டி, இருகண் ஆழப்பார்வை, குழுவாக்கம் என்ற மூன்று வேலைகளை எஃப்.பி.ஜி.ஏ., வரைகலைச் செயலி, சாதாரணச் செயலி மூன்றிலும் ஓட்டிப் பார்த்தார்கள். எந்த வேலை, எந்த நிலைமை என்பதைப் பொறுத்தே வெற்றி மாறியது. அதன்பின் வரைகலைச் செயலிகள் பல மடங்கு வளர்ந்துவிட்டன. பெருந்தொகையாகப் படங்களைச் சேர்த்து அரைக்கும் வேலையில் அவற்றோடு மோதுவது வீண். எஃப்.பி.ஜி.ஏ. நிற்பது நேரமும் மின்சாரமும் இறுக்கமான இடங்களில். 2021 பெப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கும்போது, கீழே தெரிந்த நிலத்தின் படங்களை முன்பே தயாரித்த வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தன் இடத்தைக் கண்டது; அந்தப் படவேலையின் பாரத்தைச் சுமந்தது கதிர்வீச்சைத் தாங்கும் ஒரு விர்டெக்ஸ் எஃப்.பி.ஜி.ஏ. சில்லு. இறங்குகிற ஊர்திக்கும் விழுகிற குச்சிக்கும் காலக்கெடு ஒன்றுதான்: தவறினால் திரும்பிவராது.

ஆழ்கற்றல் வந்தபின் நிலைமை மாறிவிட்டதா? ஓரளவு. 2017இல் சைலிங்க்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபின் என்ற சட்டகம், நரம்பு வலையின் எடைகளைக் கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று இரண்டே மதிப்பாகச் சுருக்கி, பெருக்கலையே ஒழித்துவிட்டது. விடை அட்டவணைகளால் ஆன சில்லுக்கு இதைவிட இசைவான கணக்கு இல்லை. செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரத்தில் எழுதிக்கொண்டு புதிய சோட்டர்கள் வருகின்றன. காய்ந்த தூளில் குச்சி தேட அது வேண்டுமா என்பது எனக்குச் சந்தேகமே. நிறமும் நீளமும் போதும். கல், பிளாஸ்டிக் துணுக்கு, வேறு செடியின் இலை என்று எதிர்பாராதவற்றைப் பிடிக்க வேண்டுமானால் அது உதவும்.

எஃப்.பி.ஜி.ஏ. தேவைப்படாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். நொதிக்கும் தேயிலையின் நிறமாற்றம் மணிக்கணக்கில் நடக்கிறது. அதைக் கவனிக்க ஒரு கைபேசி போதும். மழைக்காலத்துக் கொப்புள நோயை இலைப்படத்தில் அடையாளம் காண்பதும் அப்படியே. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேமரா வைத்து முற்றல் இலையை எண்ணலாம் என்ற யோசனையும் உண்டு. கணக்கு ரீதியில் அது இலகு. ஆனால் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று நிறுவையில் கழிப்பது பழைய மனக்குறையாக இருக்கும் இடத்தில், இன்னொரு கழிவுக்குக் கேமராவைச் சாட்சியாக்கும் முன் தொழிலாளியும் அதே படத்தைப் பார்க்க வழி வேண்டும். இங்கே சில்லின் வேகத்தைப் பற்றிய பேச்சுக்கே வேலையில்லை.

சலிக்கும் அறைக்குத் திரும்பினால் இன்னொன்று தெரியும். சோட்டரின் தடை இப்போது படவேலையில் இல்லை. 41 சென்டிமீட்டரில் 64 நாசில் என்றால் ஒன்றுக்குச் சுமார் 6.4 மில்லிமீட்டர். மெல்லிய நாரைத் தள்ளும்போது பக்கத்து இலைகளும் கூடப் போகின்றன. அதனால்தான் கழிவை இன்னொரு முறை ஓட விடுகிறார்கள். தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் உணர்திறனைக் கூட்டினால் பி.ஓ.பி. தரத் தூள் சுத்தமாகும், ஆனால் கழிவுப் பள்ளத்தில் நல்ல தூள் குவியும். குறைத்தால் கிலோ தேறும், தரகர் முகம் சுளிப்பார். பஞ்சுத் தூசி கேமராவின் கண்ணாடியில் படியும். துடைப்பான் நின்றுவிட்டால் எல்லாமே குச்சியாகத் தெரியும். பனிக்காலத்து ஈரக்காற்றை உலர்த்தாமல் அழுத்தினால் வால்வுக்குள் தண்ணீர் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பத்து நானோவினாடி துல்லியத்தை ஒரு சொட்டுத் தண்ணீர் தோற்கடித்துவிடும்.

சில்லு மாற்றியமைக்கத்தக்கது என்பது உண்மை. மாற்றியமைப்பவர் யார் என்பதே அடுத்த கேள்வி. அமைவுக் கோப்பு உற்பத்தியாளரிடம் இருக்கிறது. ஸ்டோரில் இருப்பவருக்குத் தொடுதிரையில் சில பொத்தான்களும், முகவர் வந்தால் மட்டும் திறக்கும் ஒரு கடவுச்சொல்லும். முதற்காலாண்டுத் தேயிலையின் செம்மை ஜூலைத் தேயிலையில் இருக்காது. அட்டவணையைப் பருவத்துக்கேற்ப நிரப்பத் தெரிந்தவர் இங்கேயே இருக்க, அதைத் தொடும் உரிமை கடல் கடந்து கிடக்கிறது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, உதிரிப்பாகத்துக்கு வெளிநாட்டை நம்பும் இயந்திரம் எவ்வளவு பலவீனமானது என்பது இலங்கையில் எல்லாத் தொழிலுக்கும் விளங்கியது.

உள்நாட்டில் திறமை இல்லாமலில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பின்புலத்தில் எழுந்த பாராகம் டெக்னாலஜிஸ், எச்.265 காணொளிக் குறிவிலக்கியை எஃப்.பி.ஜி.ஏ.வில் செய்து உலகச் சந்தையில் வைத்தது. வினாடிக்கு மூன்று கோடிப் புள்ளி என்பது அந்த வேலைக்கு முன் மிகச் சிறிது. பேராதனையில் பொறியியல் பீடம் இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. சில்லைத் தெரிந்தவர் ஒரு மலையில், தூளைத் தெரிந்தவர் இன்னொரு மலையில்.

கருவிகளும் இப்போது பூட்டிக் கிடக்கவில்லை. லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 சில்லுகளின் அமைவுக் கோப்பு வடிவத்தை 2015இல் ஐஸ்ஸ்டோர்ம் திட்டத்தார் வெளிக்கொணர்ந்தார்கள். யோசிஸ் போன்ற கட்டற்ற மென்பொருளோடு உரிமக் கட்டணமின்றி வடிவமைக்கலாம். அந்த வரிசையின் யு.பி.5.கே. சில்லில் 5,280 விடை அட்டவணைகளும், 120 கிலோபிட் கட்ட நினைவகமும் உண்டு. நமது நிற அட்டவணைக்கு 32,768 பிட், வடிகட்டிக்கு 4,096 பிட், இடம் மீந்துகிடக்கும். நாற்பது மெகாஹெர்ட்சில் ஓடினாலும் 2,048 புள்ளிக்கு 51 மைக்ரோவினாடி, கையில் இருப்பதோ 66. ஒரு மாணவர் குழு இறுதியாண்டில் தொடத்தக்க வேலை இது. தேவைப்படுவது ஒரு வரிக் கேமரா, நாலைந்து வால்வு, ஈரம் நீக்கிய அழுத்தக் காற்று. பிறகு பெப்ரவரியில் ஒரு சாக்கு, ஆகஸ்டில் ஒரு சாக்கு என்று கழிவு நார். இலை எது, குச்சி எது என்று பிரித்துக் காட்ட, முன்பு நார் பொறுக்கிய பெண்களில் இன்னும் பலர் லயங்களில் இருக்கிறார்கள்.